ஏஐ மாடல் டூல ஒரு தடவ கூப்புட்டு நிக்க மாட்டேங்குது, மீன் வெலய கேட்டுகினே இருக்கு, யாராவது பாத்து சொல்லுங்க

காசிமேடு:
அம்மா இங்க மீன் விக்கிறாங்க. காலைல ஏலம் முடிஞ்சதும் வஞ்சிரம் என்ன வெல, சங்கரா இருக்கான்னு மெசேஜா வரும், மீன் கையோட அவங்களால டைப் பண்ண முடியல, அதான் ஜாவாஸ்கிரிப்ட்ல சின்ன லைப்ரரி ஒண்ண வச்சி சாட் அசிஸ்டன்ட் பண்றேன். விலைபார்னு ஒரு டூல், அதாவது மாடல் கேட்டா ஓடுற ஃபங்ஷன், வெல எழுதி வச்சிருக்குற ஷீட்லேந்து அன்னைக்கு வெலய எடுக்கும். மாடல் அத ஒழுங்கா கூப்புடுது, மீன் பேரும் சரியா குடுக்குது. ஆனா டூலோட பதில் மாடலுக்கு போனதும் மறுபடி அதையே கூப்புடுது, எட்டு ஒம்போது வாட்டி, கடைசில அதுவா ஒரு வெலய சொல்லுது. நேத்து அத நம்பி ஒருத்தர் வந்துட்டாரு, அம்மா நஷ்டத்துக்கே வஞ்சிரம் குடுத்தாங்க, எனக்கு மனசே கேக்கல. ப்ராம்ப்ட்ல, அதான் மாடலுக்கு எழுதி குடுக்குற உத்தரவுல, ஒரு வாட்டிதான் கூப்புடணும்னு எழுதியும் ஆவல. டூல தனியா ஓட்டுனா வெல வருது.

வண்ணாரப்பேட்ட:
மாடலுக்கு திருப்பி அனுப்புற மெசேஜ் லிஸ்ட்ட அப்படியே பிரிண்ட் பண்ணி பாருங்க. டூல் பதில்ல இருக்குற ஐடியும், கூப்புடும்போது மாடல் குடுத்த ஐடியும் ஒண்ணா? உள்ள என்ன இருக்கு?

காசிமேடு:
ஐடி ஒண்ணுதான். உள்ள வெறும் {} மட்டும் இருக்குதுண்ணா.

வண்ணாரப்பேட்ட:
அங்கதான் இருக்கு தம்பி. மாடல் உங்க ஃபங்ஷன ஓட்டாது, ஃபங்ஷன் பேரையும் அதுக்கு வேண்டிய ஆர்க்யுமெண்ட்டையும் (இங்க மீன் பேரு) எழுதி குடுக்கும் அவ்ளோதான், ஓட்டி பதில அனுப்புறது நம்ம கோடு. ஷீட்லேந்து எடுக்க நேரம் ஆவும், அதனால ஃபங்ஷன் ஒடனே குடுக்குறது வெல இல்ல, ப்ராமிஸ், அதாவது அப்புறம் தரேன்னு ஒரு சீட்டு மாதிரி. அத மாடலுக்கு அனுப்ப ஜேசன் ஸ்ட்ரிங்கா, அதான் எழுத்து வடிவமா, மாத்துனா {}னுதான் வரும், எரர் கூட காட்டாது. மாடல் வெத்துப் பதில பாத்துட்டு திரும்ப கேக்குது. தனியா ஓட்டும்போது அவெய்ட் (பதில் வர்ற வரைக்கும் காத்திருன்னு சொல்ற வார்த்த) போட்டிருப்பீங்க, மாடலுக்கும் டூலுக்கும் மாறி மாறி போற லூப்புக்குள்ள விட்டிருப்பீங்க.

காசிமேடு:
ஆமாண்ணா! லூப்புல அவெய்ட் போட்டேன், ஒரே வாட்டில சரியான வெலய சொல்லிடுச்சு. ரொம்ப நன்றிண்ணா.

தண்டையார்பேட்ட:
இன்னும் ரெண்டு விஷயம் பண்ணிடுங்க ப்ரோ. ஷீட்ல அந்த மீன் இல்லன்னா காலியா அனுப்பாதீங்க, "இன்னைக்கு வரத்து இல்ல, வெல சொல்லாத"ன்னு டூலே எழுத்துல சொல்லட்டும். ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போவாது, அப்ப பாதி மீன் ஷீட்ல இருக்காது, திரும்பவும் அதுவா ஒரு வெல சொல்லிடும். அப்புறம் லூப்புக்கு அஞ்சு வாட்டின்னு ஒரு லிமிட், இல்லன்னா ஒவ்வொரு சுத்துக்கும் டோக்கன் காசு, அதான் மாடல் படிக்கிற, எழுதுற எழுத்துக்கு ஆவுற காசு, போவும்.

வண்ணாரப்பேட்ட:
ஏபிஐ கீ, அதான் மாடல யூஸ் பண்ண குடுக்குற ரகசிய கீ, எங்க வச்சிருக்கீங்க? பேஜ் கோடுல இருந்தா யார் வேணா எடுத்துடலாம், சர்வர்ல வைங்க.

காசிமேடு:
பேஜ்லதாண்ணா இருக்கு. இப்பவே பழைய கீய கேன்சல் பண்ணிட்டு புதுசு எடுத்து சர்வருக்கு மாத்துறேன்.