ஸ்கேவஞ்சர் ஏற்பிகள் காப்பாற்றுகின்றனவா, நோயை வளர்க்கின்றனவா?

தேன்சிட்டு:
நோயெதிர்ப்பியல் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். மேக்ரோஃபேஜ் (கிருமியையும் கழிவையும் விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) பாடத்தில், அதன் மேற்பரப்பில் இருக்கும் ஸ்கேவஞ்சர் ஏற்பிகள் என்ற புரதங்கள் பாக்டீரியாவையும் செத்த செல்களையும் பிடித்து அகற்றும் என்று ஒரு பத்தி வருகிறது. சரி என்று அடுத்த பாடத்துக்குப் போனால், ரத்தக்குழாய் அடைப்பில் இதே ஏற்பிகள்தான் கொழுப்பை வாங்கி வாங்கி மேக்ரோஃபேஜைக் கொழுப்பு நிரம்பிய நுரைச்செல்லாக மாற்றுகின்றன என்று இருக்கிறது. அப்புறம் மலேரியாவிலும் சிடி36 என்று இந்த ஏற்பிகளில் ஒன்று வந்து நிற்கிறது. காப்பதும் கெடுப்பதும் ஒரே ஏற்பியால் எப்படி முடிகிறது? கெடுதல்தான் என்று தெரிந்த இடத்தில் மருந்து கொடுத்து அடைத்துவிட்டால் என்ன?

நுண்ணோக்கி:
முதலில் ஒன்று, இவை ஒரே மரபணுவிலிருந்து கிளைத்த குடும்பம் இல்லை. அமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல புரதங்களை, செய்கிற வேலை ஒத்துப்போகிறது என்பதற்காக வகுப்பு ஏ, வகுப்பு பி என்று பிரித்து ஒரே தலைப்பில் வைத்திருக்கிறார்கள். அதனால் எங்கே படித்தாலும் எந்த ஏற்பி, எந்தச் செல்லில் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மீதிக்கு 1979க்குப் போக வேண்டும். கோல்ட்ஸ்டீன், பிரௌன் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு முரண்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்: பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோயில், ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளைப் பிடிக்கும் எல்டிஎல் ஏற்பியே வேலை செய்வதில்லை, அப்படியென்றால் செல்லுக்குள் எல்டிஎல் போகக்கூடாது, ஆனால் அந்த நோயாளிகளின் ரத்தக்குழாய்ச் சுவரில் இருந்த மேக்ரோஃபேஜ்கள் கொலஸ்ட்ராலால் பிதுங்கிக் கிடந்தன. ஆய்வகத்தில் சாதாரண எல்டிஎல் கொடுத்தால் மேக்ரோஃபேஜ் அதிகம் எடுத்துக்கொள்வதில்லை. அசிட்டைல் என்ற வேதித்தொகுதி ஏற்றிய எல்டிஎல் கொடுத்ததும் அள்ளி விழுங்கியது. வேறொரு வாசல் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. உடலுக்குள் அந்த வாசலுக்கு வருவதில் முக்கியமானது ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் என்பது பின்னால் புரிந்தது.

இப்போது வேதியியலைப் பாருங்கள். அசிட்டைல் ஏறும்போது எல்டிஎல் புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களின் நேர்மின்சுமை போய்விடுகிறது, துகளின் எதிர்மின்சுமை கூடுகிறது. எஸ்ஆர்-ஏ என்ற வகுப்பு ஏ ஸ்கேவஞ்சர் ஏற்பியின் கொலாஜன் போன்ற பகுதியில் நேர்மின்சுமை திரண்டிருக்கும், அதனால் எதிர்மின்சுமை மிகுந்ததைப் பிடிக்கும். பாக்டீரியாச் சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடும் லிப்போடெய்க்காயிக் அமிலமும் எதிர்மின்சுமை கொண்டவைதான். ஆக, அந்த ஏற்பியைப் பொறுத்தவரை கெட்டுப்போன கொழுப்பும் பாக்டீரியாவும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

அதைவிட முக்கியம், கட்டுப்பாடு. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் போதுமான அளவு சேர்ந்தால் எல்டிஎல் ஏற்பி குறைந்துவிடும். ஸ்கேவஞ்சர் ஏற்பிகளுக்கு அந்த நிறுத்தம் கிடையாது. சிடி36 இன்னும் ஒரு படி மேலே, உள்ளே போன ஆக்சிஜனேற்ற எல்டிஎல்லே பிபிஏஆர்-காமா என்ற, மரபணுக்களை இயக்கும் புரதத்தின் வழியாக சிடி36 உற்பத்தியைக் கூட்டுகிறது, கூடக்கூட இன்னும் விழுங்குகிறது. கிருமியை விழுங்கும் செல் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது புரிகிறது, ஆனால் கொழுப்பு வந்துகொண்டே இருக்கும் ரத்தக்குழாய்ச் சுவரில் அதே குணம் ஆளைக் கொல்கிறது. நீங்கள் கேட்ட முரண்பாட்டின் வேர் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அலைவரிசை:
மலேரியாவுக்கு நான் சொல்கிறேன். மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம், தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேல் பிஎஃப்இஎம்பி1 என்ற புரதத்தை நிறுத்துகிறது. அதன் பல வடிவங்கள் நுண்குழாய்ச் சுவரில் இருக்கும் சிடி36ஐப் பற்றிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட சிவப்பணு, அதை அழிக்கும் மண்ணீரலுக்குப் போகாமல் தப்பிவிடுகிறது. ஆனால் மேக்ரோஃபேஜில் இருக்கும் சிடி36 தொற்றுள்ள சிவப்பணுவை விழுங்கவும் உதவுகிறது, நுண்ணோக்கி சொன்ன 'எந்தச் செல்லில்' என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. வைரஸ்களும் விட்டுவைக்கவில்லை: ஹெபடைடிஸ் சி கல்லீரல் செல்லுக்குள் நுழைய எஸ்ஆர்-பி1 என்ற வகுப்பு பி ஏற்பி வேண்டும், என்டிரோவைரஸ் 71க்கு அதே வகுப்பின் ஸ்கார்ப்2 வேண்டும்.

மழைக்காலன்:
அடைத்துவிட்டால் என்ன என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே.

எலிகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1997இல் வந்த ஆய்வில் எஸ்ஆர்-ஏ இல்லாத எலிகளுக்கு ரத்தக்குழாய்ப் படிவு குறைந்தது, ஆனால் லிஸ்டீரியா பாக்டீரியாவுக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸுக்கும் அவை எளிதில் பலியாயின. 2005இல் வேறொரு குழு செய்தபோது எஸ்ஆர்-ஏவையோ சிடி36ஐயோ நீக்கியும் படிவு குறையவே இல்லை, நுரைச்செல்கள் அப்படியே இருந்தன. ஒரு வழியை மூடினால் கொழுப்பு இன்னொரு வழியில் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எஸ்ஆர்-பி1 கதை எனக்கு இன்னும் பெரிய பாடம். கல்லீரல் எச்டிஎல்லிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்குவது இதன் வழியாகத்தான். இது பழுதானால் எச்டிஎல் அளவு ஏறும். நல்ல கொலஸ்ட்ரால் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் 2016இல் வெளியான மரபணு ஆய்வில், இதன் செயலைக் கெடுக்கும் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு எச்டிஎல் அதிகம் இருந்தும் இதய நோய் ஆபத்து கூடியிருந்தது. ஆக, அளவை மட்டும் பார்த்து அடைப்பதா திறப்பதா என்று முடிவெடுக்க முடியாது.

தேன்சிட்டு:
எல்லோருக்கும் நன்றி, பாடப்புத்தகத்தில் இவ்வளவு இல்லை. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். எல்லா இடத்திலும் நல்லதும் கெட்டதும் பின்னிக்கிடக்கிறது என்றால், இவற்றை வைத்து சிகிச்சை என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டியதுதானா?

நுண்ணோக்கி:
விட வேண்டாம், சிடி163 என்ற ஸ்கேவஞ்சர் ஏற்பியைப் படியுங்கள். சிவப்பணு உடைந்து வெளியே வரும் ஹீமோகுளோபினை ஹாப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதம் பிடித்துக்கொள்ளும், அந்தச் சேர்மத்தை மேக்ரோஃபேஜுக்குள் இழுப்பது இந்த ஏற்பி. இல்லாவிட்டால் தனி ஹீமோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பன்றிகளைச் சூறையாடும் பிஆர்ஆர்எஸ் வைரஸ் செல்லைத் தாக்கவும் இதே சிடி163 வேண்டும். அடைத்தால் ஹீமோகுளோபின் தேங்கும், விட்டால் வைரஸ் வரும், நீங்கள் சொல்கிற அதே சிக்கல்.

2017இல் வெளியான வேலையில் மரபணுத் திருத்தம் செய்து, சிடி163இல் வைரஸுக்குத் தேவையான ஐந்தாவது துண்டை மட்டும் நீக்கினார்கள். அந்தப் பன்றிகளின் மேக்ரோஃபேஜ்களை வைரஸால் தொற்ற முடியவில்லை, ஹீமோகுளோபினை அவை வழக்கம்போல எடுத்துக்கொண்டன. எஸ்ஆர்-ஏவிலும் சிடி36இலும் எந்தத் துண்டு எதைப் பிடிக்கிறது என்று இதே அளவு துல்லியமாகப் பிரித்துப் பார்க்கும் வேலைக்குத்தான் நான் காத்திருக்கிறேன்.