ஆட்டோகேட், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டுக்கும் ஒரே மானிட்டர்: 27 அங்குலமா, 32 அங்குலமா?

ஜெயநகர்_இன்டீரியர்:
வணக்கம். பெங்களூரில் சின்ன இன்டீரியர் அலுவலகம். நாள் முழுக்க ஆட்டோகேட் 2016 (பிளான் வரையும் சாஃப்ட்வேர்); அவ்வப்போது இல்லஸ்ட்ரேட்டரில் பிரோஷர், அச்சு சிவகாசியில். லேப்டாப்பில் இன்டெல் கிராஃபிக்ஸ், ஹெச்டிஎம்ஐ 1.4, ஒரு டைப்-சி. பட்ஜெட் 30 ஆயிரம். எஸ்.பி. ரோட்டுக் கடையில் இரண்டு காட்டினார்கள்: 27 அங்குல 4கே (3840 × 2160 பிக்சல்) ஐபிஎஸ், 32 அங்குல வளைந்த விஏ குவாட் ஹெச்டி (2560 × 1440 பிக்சல்). ஐபிஎஸ், விஏ இரண்டும் பேனல் வகையாம். "பெருசா இருந்தா நல்லது சார்" என்கிறார் கடைக்காரர். ஏ3 ஷீட்டை நிஜ அளவில் பார்க்க முடிந்தால் வசதி. எதை எடுக்கலாம்?

கோடும்_கோணமும்:
32 வளைவை முதலில் விடுங்கள். 32 அங்குலத்தில் 2560 × 1440 என்றால் அங்குலத்துக்கு 93 பிக்சல்தான். 24 அங்குல ஃபுல் ஹெச்டியிலும் ஏறக்குறைய அதே அடர்த்தி. காசு கொடுத்துப் பெரிய பிக்சல் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். சாய்கோடுகள் படிக்கட்டு மாதிரித் தெரியும். வளைந்த திரையில் நீளமான சுவர்க்கோடு நேராக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதும் கஷ்டம். விஏ பேனலில் இன்னொரு தொல்லை: சற்றுப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே அடர் நிறங்கள் வெளுக்கும்.

4கே நல்லதுதான், ஆனால் உங்கள் ஆட்டோகேட் 2016. ஹை ரெசல்யூஷன் திரைக்கு ஒழுங்கான ஆதரவு வந்தது 2018 பதிப்பில். 27 அங்குல 4கே-யில் அங்குலத்துக்கு 163 பிக்சல். எழுத்தும் ஐகானும் பெரிதாகத் தெரிய விண்டோஸ் ஸ்கேலிங்கை 150% வைத்தாக வேண்டும். பழைய பதிப்பில் ஐகான்கள் கடுகளவாகும், டயலாக் பெட்டிகளின் ஓரம் வெட்டுப்படும். ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டிக்குப் போய் டிபிஐ ஸ்கேலிங்கை 'சிஸ்டம்' என்று மாற்றினால் அளவு சரியாகும். ஆனால் அங்கே விண்டோஸ் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதால் கோடுகள் மங்கும். பிறகு 4கே எதற்கு?

என் தேர்வு 27 அங்குல தட்டை ஐபிஎஸ், 2560 × 1440. அங்குலத்துக்கு 109 பிக்சல், ஸ்கேலிங் 100%-லேயே வேலை ஓடும். திரை சுமார் 59.8 × 33.6 செ.மீ.; ஏ3 42 × 29.7. உயரத்தில் மிஞ்சுவது 4 செ.மீ.கூட இல்லை, ரிப்பன் (மேலே இருக்கும் கருவிப்பட்டை) அதைச் சாப்பிட்டுவிடும். ஷீட் பார்க்கும்போது மட்டும் கண்ட்ரோல் + 0 அழுத்துங்கள், ரிப்பன் மறைந்து ஷீட் அடங்கும்.

மசி_தட்டு:
மேலே சொன்னதை ஒத்துக்கிறேன், ஒரு திருத்தத்தோட. ஆட்டோகேட்டைப் புதுசாக்கற எண்ணம் இருந்தா 4கே-யே எடுங்க. ஆனா ஹெச்டிஎம்ஐ 1.4-ல 4கே 30 ஹெர்ட்ஸ்தான் வரும். பேன் பண்ணும்போது (டிராயிங்கை நகர்த்தும்போது) கர்சர் இழுத்துக்கிட்டே வரும். டைப்-சி வழியா போகணும்னா அந்தப் போர்ட்ல டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப்-சி வழியா மானிட்டருக்குப் படம் அனுப்பற வசதி) இருக்கணும். சில டைப்-சியில அது இருக்காது. லேப்டாப் மாடலோட ஸ்பெக் பக்கத்துல பாத்துக்குங்க. குவாட் ஹெச்டின்னா ஹெச்டிஎம்ஐ 1.4-லயே 60 ஹெர்ட்ஸ் ஓடும்.

இப்ப நிறம். எஸ்ஆர்ஜிபி, என்டிஎஸ்சி ரெண்டும் எவ்வளவு நிறம் காட்டும்னு சொல்ற அளவுகோல். பெட்டியில '72% என்டிஎஸ்சி'ன்னு போட்டிருந்தா கிட்டத்தட்ட எஸ்ஆர்ஜிபி பரப்பு. '45%'ன்னா தொடவே தொடாதீங்க. '99% எஸ்ஆர்ஜிபி'ன்னு நேரடியா எழுதினதே மேல். ரொம்ப அகலமான காமட்டும் (நிறப் பரப்பும்) வம்புதான்: ஆட்டோகேட் மாதிரி கலர் மேனேஜ்மென்ட் (திரைக்கு ஏத்தபடி நிறத்தைச் சரிபண்ற வசதி) இல்லாத சாஃப்ட்வேர்ல சிவப்பும் பச்சையும் கண்ணைக் குத்தும். அப்படி வாங்கினா மெனுவுல எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கணும்.

பிரோஷர் இருட்டா அச்சாகுதுன்னு வர்ற புகார்ல பாதி, மானிட்டர் வெளிச்சம் தாறுமாறா இருக்கறதால வர்றது. புதுசா வர்ற மானிட்டர் 300 நிட் (வெளிச்ச அளவு) பக்கம் இருக்கும். அச்சு வேலைக்கு 80-லிருந்து 120 போதும். கேலிப்ரேட்டர் (திரை நிறத்தை அளந்து சரிபண்ற கருவி) இல்லேன்னா இப்படிச் செய்ங்க: அரை மணி நேரம் ஆன்ல விடுங்க, விண்டோஸ் நைட் லைட்டை (திரையை மஞ்சளாக்கற வசதி) அணைங்க, திரையில வெள்ளைப் பக்கம் ஒண்ணு திறங்க, ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்துல பிடிங்க. ரெண்டும் ஒரே வெளிச்சமா தெரியற வரைக்கும் பிரைட்னஸைக் குறைங்க. கேலிப்ரேட்டர் வாடகைக்குக் கிடைச்சா 6500 கெல்வின், காமா 2.2 வைங்க. எப்படிப் பண்ணாலும் முதல் வேலைக்கு ப்ரூஃப் பிரின்ட் (மாதிரி அச்சு) வாங்காம ஓகே சொல்லாதீங்க.

ஜெயநகர்_இன்டீரியர்:
நன்றி. 27 அங்குல குவாட் ஹெச்டி ஐபிஎஸ் என்றே முடிவு. கடையில் எதைச் சோதிப்பது?

கோடும்_கோணமும்:
உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோங்கள். கறுப்புப் பின்னணியில் ஆட்டோகேட் நிற எண் 1 சிவப்பு, 5 நீலம், 6 மெஜந்தா, 7 வெள்ளை, நான்கிலும் சின்ன எழுத்தும் மெல்லிய கோடும் போட்டு ஒரு டிராயிங் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை கூர்மையாக இருந்து சிவப்பும் நீலமும் மட்டும் கசிந்தால் பேனலைக் குறை சொல்லாதீர்கள். சிக்னல் ஆர்ஜிபி-யில் போகாமல் நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும் 4:2:2 அல்லது 4:2:0-வில் போகிறது. இன்டெல் செட்டிங்கில் மாற்றிவிடலாம். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அங்கேயே குவான்டைசேஷன் ரேஞ்சை (கறுப்பு முதல் வெள்ளை வரையான சிக்னல் எல்லையை) 'ஃபுல்' ஆக்குங்கள்.

முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படம் போட்டு டெட் பிக்சல் (வேலை செய்யாத புள்ளி) இருக்கிறதா பாருங்கள். ஒன்றிரண்டு பிக்சலுக்கெல்லாம் சில கம்பெனிகள் மாற்றித் தராது. அதனால் டெமோ பீஸில் பார்த்துவிட்டு வந்துவிடாமல், உங்களுக்குத் தரும் பெட்டியையே பிரித்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டாண்ட் உயரம் மாறுகிறதா, பின்னால் 100 × 100 மி.மீ. வீசா துளை (சுவரிலோ ஆர்மிலோ மாட்டுவதற்கு) இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை.