தாத்தாவோட 78 ரெக்கார்டு பெட்டி கிடைச்சிருக்கு, எப்படி துடைக்கிறது, எதுல போட்டு கேக்குறது?

குடந்தை_பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல எங்க அம்மாவோட பொறந்த வீட்டை இடிச்சுக் கட்டப் போறோம், போன வாரம் பரண்ல இருந்து ஒரு ட்ரங்க் பெட்டி இறக்கினோம், திறந்தா முழுக்க ரெக்கார்டு. எண்ணிப் பாத்தேன், 64 இருக்கு. அதுல 40 கிட்ட நல்ல கனமான பழைய தட்டு, லேபிள்ல 78னு போட்டிருக்கு, அதாவது நிமிசத்துக்கு 78 சுத்து, மீதி 33 ஸ்பீடு எல்பியும் 45 ஸ்பீடு சின்ன ஈபியும். நாடகப் பாடகர் கிட்டப்பா 4, கே.பி.சுந்தராம்பாள் 6, ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம் 2 இருக்கு. ஒவ்வொரு காகித உறையிலயும் பாட்டி கையெழுத்துல நீல மையில நம்பர் போட்டு வச்சிருக்காங்க, 17ம் நம்பர் மட்டும் இல்ல.

கேக்கணும்னு ஆசைப்பட்டு ஆன்லைன்ல சூட்கேஸ் மாதிரி மூடுற பிளேயர் ஒண்ணு வாங்கினேன், 4500 ரூபா. 33, 45, 78 மூணு ஸ்பீடும் இருக்கு. கிட்டப்பா தட்டு ஒண்ணை வச்சுப் பாத்தேன், மணல்ல கடலை வறுக்கிற மாதிரி சத்தம்தான் முன்னாடி நிக்குது, பாட்டு எங்கயோ கிணத்துக்குள்ள இருந்து வருது. சரின்னு ஒரு எல்பி போட்டா நாலாவது வரியில மாட்டிக்கிட்டு அதையே திரும்பத் திரும்ப பாடுது. தட்டு கெட்டுடுமோன்னு பயந்து நிறுத்திட்டேன்.

மூணு விஷயம் தெரியணும். இந்த பிளேயர்ல 78 போடலாமா? மச்சான் சர்ஜிகல் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிட்டு வந்து தயாரா இருக்கார், அதால துடைக்கலாமா? மூணாவது, அதே பரண்ல மரப்பெட்டியில ஒரு பழைய கரண்ட் பிளேயரும் இருந்துச்சு, பிளக் போட்டா மோட்டார் உர்ருனு சத்தம் குடுக்குது ஆனா தட்டு சுத்த மாட்டேங்குது, அதை சரி பண்ண முடியுமா? அம்மாவுக்கு 74 வயசு, தாத்தா சாயங்காலம் போட்டு கேப்பாருன்னு சொல்லி சொல்லி அழுறாங்க, அவங்களுக்கு ஒரு தடவையாவது போட்டுக் காட்டணும்.

மதுரை_வாணி:
தம்பி மொதல்ல மச்சான் கையில இருந்து அந்த ஸ்பிரிட்டை வாங்கி உள்ள வைங்க. 78 தட்டுல ஸ்பிரிட் ஒரு சொட்டு கூட படக்கூடாது. நான் செஞ்ச தப்பைத்தான் சொல்றேன். எங்க அப்பா வச்சிருந்த தட்டு ஒண்ணை ஸ்பிரிட் தொட்டு துடைச்சேன், பஞ்சு கன்னங்கரேல்னு வந்துச்சு, அம்பது வருச அழுக்கு போகுதுன்னு நினைச்சு இன்னும் அழுத்தி தேய்ச்சேன். அது அழுக்கு இல்ல, ரெக்கார்டே கரைஞ்சு பஞ்சுல வந்திருக்கு. காஞ்சதுக்கு அப்புறம் பாத்தா தேய்ச்ச இடம் மட்டும் மினுமினுப்பு போய் சாம்பல் பூத்தாப்புல ஆயிடுச்சு, ஊசி அந்த இடத்துக்கு வந்தா இப்பவும் வெறும் இரைச்சல்தான். அப்பா குரல் மாதிரி எனக்கு மனப்பாடமா இருந்த பாட்டு அது. அதனாலதான் பாத்த உடனே எழுதுறேன்.

தட்டுக்காரன்:
வாணி அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. காரணத்தையும் சேத்து சொல்லிடுறேன், மச்சான் கேப்பார். 78 தட்டு பிளாஸ்டிக் கிடையாது, அரக்கு. மரத்துல இருக்கிற அரக்குப் பூச்சி தர்ற அதே அரக்கு, அதோட கல்லுப் பொடியும் கருப்பு நிறத்துக்கு கரியும் கலந்து சூடா அழுத்தி எடுக்கிறது. ஆசாரிங்க மேஜைக்கு பிரெஞ்ச் பாலிஷ் போட என்ன செய்றாங்க? அரக்கை ஸ்பிரிட்ல போட்டு கரைக்கிறாங்க. அதேதான் உங்க தட்டுலயும் நடக்கும். எல்பி, ஈபி எல்லாம் வினைல்ங்கிற பிளாஸ்டிக், அதுக்கு ஸ்பிரிட் அவ்வளவு ஆபத்து இல்ல, ஆனா ரெண்டும் கலந்து கிடக்கிற பெட்டியில ஸ்பிரிட் பாட்டிலே வேண்டாம்னு வச்சுக்கோங்க, கை தவறும். எது எதுன்னு கண்டுபிடிக்கிறது சுலபம், 78 கனமா இருக்கும், விரல் நகத்தால லேசா தட்டினா கல்லுல தட்டின மாதிரி கேக்கும், கீழ விழுந்தா ஓடு மாதிரி உடையும். வினைல் கொஞ்சம் வளையும்.

கழுவுறதுக்கு பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் போதும், அரை லிட்டருக்கு பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரே ஒரு சொட்டு. வெந்நீர் வேண்டவே வேண்டாம். லேபிள் நனைஞ்சா மை கரையும், அதனால லேபிள் அளவுக்கு இருக்கிற பிளாஸ்டிக் டப்பா மூடியை அது மேல கவுத்து ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கோங்க. மெத்துனு இருக்கிற பிரஷ்ஷை தொட்டு, தட்டுல பாட்டு பதிஞ்சிருக்கிற கோடு போற வாக்குலயே வட்டமா ஓட்டணும், குறுக்க தேய்க்கக் கூடாது. அப்புறம் சோப்பு கலக்காத டிஸ்டில்டு வாட்டரால இன்னொரு தடவை அலசி, மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுத்து, நிழல்ல நிக்க வச்சு காய விடுங்க. ஊற வைக்காதீங்க. விரிசல் இருக்கிற தட்டை தண்ணியில நனைக்கவே கூடாது, காஞ்ச பிரஷ் மட்டும் போதும்.

இப்ப பிளேயர் விஷயம். ஸ்பீடு சுவிட்சுல 78னு போட்டிருக்கிறதால அது 78 பிளேயர் ஆயிடாது. 78 தட்டோட கோடு அகலம், அதுக்கு ஊசி முனை 3 மில் இருக்கணும், அதாவது ஒரு அங்குலத்துல ஆயிரத்துல மூணு பங்கு. எல்பி ஊசி 0.7 மில்தான். இந்த சின்ன ஊசி 78 கோட்டுக்குள்ள பக்கச் சுவரைத் தொடாம அடியில இறங்கிடும், அடியில இருக்கிறது அத்தனை வருசத்துத் தூசியும் பழைய இரும்பு ஊசி தேய்ச்ச தூளும்தான். நீங்க கேட்ட கடலை வறுக்கிற சத்தம் அதுதான். பாட்டு சுவர்ல இருக்கு, உங்க ஊசி தரையில போகுது. போதாக்குறைக்கு கல்லுப் பொடி உங்க ஊசியையும் அரைச்சுடும், அந்த தேஞ்ச ஊசியால அப்புறம் எல்பி போட்டா எல்பியும் போச்சு.

நல்லபடியா செய்யணும்னா 78 ஸ்பீடு இருக்கிற, கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி மாட்டியிருக்கிற தலைப் பகுதி, மாத்த முடியுற பிளேயர் வேணும். நான் வச்சிருக்கிறது ஆடியோ டெக்னிகா எல்பி120எக்ஸ். அதுல வர்ற விஎம்95 கார்ட்ரிட்ஜ்ல ஊசியை மட்டும் கையாலயே உருவி மாத்தலாம், 78க்குன்னு விஎம்95எஸ்பி ஊசி தனியா இருக்கு, 3 மில். அதுக்கு ஊசி தட்டை அழுத்துற பாரம் 5 கிராம் வைக்கணும், எல்பி ஊசிக்கு 2 கிராம். ஊசி மாத்தும்போது பாரத்தை மாத்த மறந்துடாதீங்க, 5 கிராமை எல்பி ஊசிக்கு குடுத்தா முள்ளு தாங்காது. ஆம்ப்ளிஃபையர்ல மோனோ பட்டன் இருந்தா அமுக்கிடுங்க, 78 எல்லாமே ஸ்டீரியோ இல்லாத ஒத்தைச் சேனல் பதிவுதான், மோனோ போட்டாலே இரைச்சல்ல நல்ல பங்கு குறையும்.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் பெருசா சொல்றதில்ல ஆனா பாட்டு தெரிஞ்சவங்களுக்கு இதுதான் முக்கியம். 78னு பேரு இருந்தாலும் அந்தக்காலத்து தட்டு எல்லாமே கரெக்டா 78 சுத்துல பதிவானது இல்ல, 70ல இருந்து 80 தாண்டியும் இருக்கு. வேகம் 6 சதவீதம் மாறினா சுருதி அரைக்கட்டை மாறிடும். கிட்டப்பா உச்சத்துல பாடுறவர்னு பேரு, ஆனா நீங்க கேக்கிற உச்சம் அவரோடதா உங்க மோட்டாரோடதான்னு தெரியணும் இல்லையா. பக்கத்துல சுருதிப் பெட்டி வச்சு, பிளேயர்ல வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிட்ச் குமிழை மெதுவா நகத்தி, சுருதி ஒரு கட்டையில ஒழுங்கா உக்காருதான்னு பாருங்க, அதோட குரல் மனுசக் குரலா கேக்குதான்னும் பாருங்க. வேகம் கூடுனா குரல் கீச்சுனு ஆகி வார்த்தை அவசரப்படும், காது சொல்லிடும். கிட்டப்பா 1933 டிசம்பர்ல 27 வயசுலயே போயிட்டார். அவர் குரல் நமக்கு மிஞ்சினது இந்த அரக்குத் தட்டுலதான், பக்கத்துக்கு மூணு நிமிசம். அதனால முதல் தடவை நல்ல ஊசியில ஓடும்போதே கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணிடுங்க, ரெண்டாவது தடவைன்னு தள்ளிப் போடாதீங்க.

கோவை_ரிப்பேர்:
மரப்பெட்டி பிளேயரைப் பத்தி நான் சொல்றேனுங்க. மோட்டார் உறுமுது தட்டு சுத்தலைன்னா பெரும்பாலும் ரெண்டே காரணம். அந்தக்கால பிளேயர்ல மோட்டார் முனைக்கும், ரெக்கார்டை வைக்கிற சுழல் தட்டோட உள்விளிம்புக்கும் நடுவுல ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்குமுங்க, ஐட்லர்னு சொல்லுவோம். அது காஞ்சு கல்லாட்டம் ஆனா பிடிப்பு இருக்காது, வழுக்கிடும். இல்லைன்னா உள்ள போட்டிருந்த கிரீஸ் இறுகி மெழுகாட்டம் உக்காந்திருக்கும்.

பிளக்கை உருவிட்டு சுழல் தட்டை நேரா மேல தூக்குங்க, நடுவுல கிளிப் இருந்தா எடுத்துட்டு தூக்கணும். ஐட்லர் ஓரத்தை மெல்லிசு உப்புத்தாள்ல சுத்திவிட்டு லேசா தேய்ச்சா பளபளப்பு போயி சொரசொரப்பு வரும், அப்புறம் துணியில துடைச்சிடுங்க. மச்சான் வாங்குன ஸ்பிரிட்டுக்கு இங்கதான் வேலை, சுழல் தட்டோட உள்விளிம்பு, மோட்டார் முனை ரெண்டையும் அதுல துடைங்க, பழைய கிரீஸையும் எடுத்துடுங்க. மோட்டார் தண்டுக்கு, நடு பேரிங்குக்கு ஆளுக்கு ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காண்ணெய் விட்டுடாதீங்க, இது நான் கும்பிட்டுக் கேக்குறேன், வாரத்துல ரெண்டு பிளேயராவது தேங்காண்ணெய் உறைஞ்சு இறுகிப்போயி எங்கிட்ட வருது. ரப்பர்ல மட்டும் எந்த எண்ணெயும் படக்கூடாது.

இன்னொண்ணு பாருங்க, ஊசியைத் தாங்குற கை, அதான் டோன் ஆர்ம், அதோட தலையில சின்னதா ஒரு நெம்புகோல் இருக்குதா, ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்பின்னு? அப்படி இருந்தா ஒரே கார்ட்ரிட்ஜ்ல ரெண்டு ஊசி, திருப்பிப் போட்டுக்கலாம். முள்ளு இவ்வளவு வருசம் கழிச்சு நல்லா இருக்காது, மாத்தாம நல்ல தட்டை வைக்காதீங்க. வயரோட ரப்பர் பொரிஞ்சிருந்தா கரண்டே குடுக்க வேண்டாம், உள்ள பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வு இருந்தா தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, அதுல ஷாக் பெருசுங்க.

மூர்மார்க்கெட்_மகன்:
தட்டுக்காரன் சார் சொல்றதுக்கு மறுப்பு இல்ல, ஆனா எல்லாராலயும் உடனே அவ்வளவு செலவு பண்ண முடியாது. எல்பி கேக்க இந்த சூட்கேஸ் பிளேயரை முழுசா தள்ள வேண்டியதில்லன்னு என் கருத்து. அந்த மாட்டிக்கிற எல்பியை முதல்ல கழுவிட்டு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, பாதி நேரம் கீறலே இருக்காது, ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கும். டேபிள் சமமா இருக்கான்னும் பாருங்க, ஒரு பக்கம் சாஞ்சிருந்தாலே முள்ளு தாவும்.

எங்க அப்பா சென்னை மூர் மார்க்கெட்ல பொறுக்கிப் பொறுக்கி வாங்கின எல்பி எல்லாம் என்கிட்டதான் இருக்கு, 1985ல மார்க்கெட் எரிஞ்ச அன்னிக்கு சாப்பிடாம உக்காந்திருந்தாராம். அவர் சொல்லிக் குடுத்த ஒரே பாடம், ரெக்கார்டை படுக்கப் போட்டு அடுக்காதே. 40 அரக்குத் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு இருந்தா அடியில இருக்கிறது என்னிக்காவது வெடிச்சிடும். புஸ்தகம் மாதிரி நேரா நிறுத்துங்க, சாய விடாதீங்க. பரணுக்கு திரும்ப ஏத்தாதீங்க, ஓட்டு சூட்டுல வினைல் அப்பளமா வளையும். பாட்டி எழுதின உறையை தூக்கிப் போடாதீங்க, ஆனா தட்டை புது உறையில போட்டு, பழைய உறையை தனியா பிளாஸ்டிக் கவர்ல வைங்க, ராமபாணப் பூச்சிக்கு அந்தக் காகிதம்தான் சாப்பாடு.

தட்டுக்காரன்:
எல்பிக்கு சரி சார், ஒத்துக்கிறேன். 78ஐ மட்டும் அதுல போட வேண்டாம்னுதான் சொல்றேன். குடந்தை தம்பி, வாங்கணும்னு அவசியம் இல்ல, 3 மில் ஊசி வச்சிருக்கிறவங்க யாராவது தஞ்சாவூர் பக்கம் இருந்தா ஒரு நாள் கொண்டு போய் 40 தட்டையும் பதிவு பண்ணிட்டு வந்துடலாம். கொண்டு போகும்போது ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அட்டை.

குடந்தை_பேரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். மச்சானுக்கு பிரெஞ்ச் பாலிஷ் கதையை சொன்னேன், அவரே ஸ்பிரிட்டை வச்சு ஐட்லர் வேலையை முடிச்சுட்டார், மரப்பெட்டி இப்ப அழகா சுத்துது. நெம்புகோல் இருக்கு, கோவை அண்ணன் சொன்ன மாதிரியே ஒரு பக்கம் 78னு எழுதியிருக்கு, ஊசிதான் தேடிட்டு இருக்கேன். மாட்டிக்கிட்ட எல்பியில ஒட்டியிருந்தது மெழுகு, எடுத்ததும் சரியா ஓடுது.

78 தட்டுங்களை தஞ்சாவூர்ல ஒருத்தர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனோம், அம்மாவும் வந்தாங்க. கிட்டப்பா தட்டை முதல்ல 78ல போட்டோம், அம்மா தலையை ஆட்டிட்டு "இவ்வளவு வேகமா இருக்காது, அப்பா போடுறப்போ நிதானமா இருக்கும்"னாங்க. அவர் குமிழைத் திருகி இறக்கிட்டே வந்தார், ஒரு இடத்துல அம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாங்க. சுருதிப் பெட்டியில பாத்தா அரைக்கட்டை இறங்கி கரெக்டா உக்காந்திருக்கு. அறுவது வருசத்துக்கு முன்னாடி கேட்டது. ராஜரத்தினம் பிள்ளை தோடி ஒரு பக்கம் முடிஞ்சதும் அம்மாவே எழுந்து தட்டை திருப்பிப் போட்டாங்க, விளிம்பையும் லேபிளையும் மட்டும் தொட்டு, ரெண்டு உள்ளங்கையால.

38 தட்டு பதிவு பண்ணியாச்சு. ரெண்டு பாக்கி, சுந்தராம்பாள் தட்டு ஒண்ணுல வெளி விளிம்புல இருந்து ரெண்டு விரக்கடை உள்ள வரைக்கும் விரிசல் இருக்கு. அதை ஓட்டலாமா?

தட்டுக்காரன்:
விரிசலோட ரெண்டு பக்கமும் ஒரே மட்டமா இருக்கான்னு நகத்தை வச்சு மெதுவா தடவிப் பாருங்க. மட்டமா இருந்தா ஒரு தடவை ஓட்டலாம், டப் டப்னு சத்தம் வரும், அதை கம்ப்யூட்டர்ல எடுத்துக்கலாம். ஊசி போற திசையில ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு படி மாதிரி நின்னா ஓட்டாதீங்க, ஊசியும் போகும் தட்டும் ரெண்டாகும். ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு வைங்க, நான் அடுத்த மாசம் மாயவரம் வர்றேன், நேர்ல பாக்கிறேன்.