உணவுக் கழிவில் ஹைட்ரோதெர்மல் லிக்விஃபாக்ஷன்: எண்ணெயைவிடக் கரி அதிகம், ஏன்?

கேள்வி: பிஎச்.டி. வேலைக்காக, ஈரக் கழிவை உயர் அழுத்தச் சூடான நீரில் எண்ணெயாக்கும் இந்த முறையில், அரைத்த உணவுக் கழிவை (திடப்பொருள் 15%) 500 மி.லி. ஆட்டோகிளேவில் (மூடிய உயர் அழுத்தக் கலன்) 330 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைக்கிறேன். சூடேறவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. எண்ணெய் குறைவு, கரிதான் அதிகம்.

பதில் 1: சூடேறும் வேகம்தான் சிக்கல். 180–250 டிகிரியில் நெடுநேரம் நின்றால் சோறு, உருளைக்கிழங்கின் மாவுச்சத்து கரியாகிவிடும். சிறு குழாய் உலையில் போட்டுச் சூடான மணல் படுகையில் இறக்குங்கள். சில நிமிடத்தில் வெப்பநிலை எட்டும். கொஞ்சம் பொட்டாசியம் கார்பனேட் சேர்த்தாலும் கரி குறையும்.

பதில் 2: எவ்வளவு நிரப்புகிறீர்கள்? அந்தச் சூட்டில் தண்ணீர் ஒன்றரை மடங்குக்கு மேல் விரியும். பாதிக்கு மேல் நிரப்பவே வேண்டாம். உள்ளே ஆவிக்கு இடமில்லாமல் போனால் அழுத்தம் கிடுகிடுவென ஏறி ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மீறினால் கிழியும் பாதுகாப்புத் தகடு) கிழியும். நீராவி அழுத்தமே ஏறக்குறைய 129 பார். தொடக்கத்தில் ஏற்றிய நைட்ரஜனும் வினையில் உருவாகும் வாயுவும் தரும் அழுத்தம் அதற்கு மேல்.

பதில் 3: கரியை எடைபோடுமுன் டைகுளோரோமீத்தேனில் (எண்ணெயைக் கரைக்கும் கரைப்பான்) கழுவினீர்களா? வடிதாளில் ஒட்டும் கறுப்புப் பிசின் எண்ணெய்தான். கரைப்பான் நிறமின்றி வடியும்வரை கழுவுங்கள். பிறகு மிதமான சூட்டில் ஆவியாக்குங்கள். அவசரப்பட்டால் இலேசான எண்ணெயும் சேர்ந்து பறந்துவிடும். பிரித்தெடுத்த நீரையும் கொட்டிவிடாதீர்கள், கரிமம் கணிசமாக அதில்தான் கரைந்திருக்கும். டிஓசி (நீரில் உள்ள மொத்த அங்ககக் கரிமம்) அளக்காமல் கரிமக் கணக்கு நேராகாது.