ஏற்காடு மழையில் வீடெல்லாம் குவியல்: எதை முதலில் தொடுவது?

மலைவாசி: நாலு நாளா வெயிலே இல்ல. நாற்காலி நிறைய ஈரத்துணி, சிங்க் நிறையப் பாத்திரம், பீரோவில் பூஞ்சணம். கையும் ஓடல, காலும் ஓடல.

சேலத்துக்காரி: நாறுவதில் தொடங்குங்க. சமையலறைக் குப்பையை வெளியேத்திட்டு, பாத்திரத்தை வெந்நீரில் 10 நிமிடம் ஊறப் போடுங்க. அதுக்குள்ள தரையில் கிடக்கிறதை எல்லாம் ஒரே கூடையில் அள்ளுங்க. பிரிக்க வேணாம்; பிரிக்க உட்கார்ந்தா பழைய ஆல்பத்தோட அன்னிக்குப் பொழுது போச்சு. 15 நிமிடத்துக்கு டைமர் வைங்க. அடிச்சா நிறுத்திடுங்க.

காபித்தோட்டம்: துணிதான் அங்கே பெரிய வில்லன். சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் காற்றே ஈரம். மெஷினில் இன்னொரு தடவை ஸ்பின் விட்டு, துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளியில் ஃபேனடியில் போடுங்க. நெருக்கினா ஈரவாடை போகாது. அரைகுறையா காஞ்சதை மடிச்சு வெச்சா பூஞ்சணம் அங்கிருந்துதான் கிளம்பும். பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைங்க. குளிர்ந்த சுவரில்தான் நீர் கோக்கும். அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை இழுக்காது.

சேலத்துக்காரி: பூஞ்சணம் துடைக்கிறப்ப பிளீச்சிங் பவுடரோட பாத்ரூம் ஆசிட்டைக் கலந்துடாதீங்க. குளோரின் வாயு வரும், மூச்சு அடைக்கும்.

மலைவாசி: கூடை நிறைஞ்சிடுச்சுன்னா?

காபித்தோட்டம்: இன்னொரு கூடை வாங்காதீங்க! தினம் 10 பொருள் எடுத்து அதனதன் இடத்தில் வைங்க. இடமே இல்லாதது பழைய பேப்பர் கடைக்கு.