சூடோமோனாஸும் விரிடியும்: ஒரே குழியிலா, தனித்தனியாவா?

பச்சையாறு:
களக்காடு பக்கம் செம்மண் விளை, சொட்டுநீர். ரசகதலி கன்று நட்டு 2 மாசம். பக்கத்து விளையில வாடல் நோய் இருக்கு. அது இங்கே வராம தடுக்க 200 லிட்டர் டிரம்மில சூடோமோனாஸ் 1 கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோ, வெல்லம் 2 கிலோ போட்டு 3 நாள் மூடி வச்சு, சொட்டுநீர்ல விடச் சொல்லுதாங்க. சேர்த்துப் போட்டா ஒண்ணை ஒண்ணு கொன்னுராதா?

கரிசல்மண்:
சேர்க்கக் கூடாது. சூடோமோனாஸ் பாக்டீரியா. வெல்லத் தண்ணியில ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இரட்டிச்சுக்கிட்டே போகும். விரிடி பூஞ்சை, அதோட வித்து முளைவிடவே அரை நாள் பிடிக்கும். மூணாம் நாள் டிரம்மில இருக்கிறது பூரா பாக்டீரியாதான். அதுலயும் நாம போட்டது எவ்வளவு, கிணத்துத் தண்ணியிலயும் வெல்லத்துலயும் வந்தது எவ்வளவுன்னு யாரும் சொல்ல முடியாது. மூடி வச்சா காத்து கிடைக்காது, சூடோமோனாஸுக்குக் காத்து கட்டாயம் வேணும். டிரம்மைத் திறந்ததும் புளிச்ச வாடை அடிச்சா, காத்தில்லாம வாழுற கூட்டம் ஜெயிச்சிருச்சுன்னு அர்த்தம். அதை வேர்ல ஊத்தாதீங்க.

இன்னொண்ணு, பாக்கெட்ல இருக்கிறது டால்க் பவுடர். அது கரையாது. டிஸ்க் ஃபில்டரும் டிரிப்பர் வாயும் அடைச்சுக்கும். சொட்டுநீர்ல விடணும்னா திரவ வடிவம் வாங்குங்க, பவுடரைத் தொழுவுரத்தோட வையுங்க. முதல்ல விரிடி, 15 நாள் கழிச்சு சூடோமோனாஸ். இதுதான் முறை.

பொதிகைச்சாரல்:
டிரம் விஷயத்தில் அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மண்ணிலும் பிரித்தே வைக்க வேண்டும் என்பதை ஏற்க முடியவில்லை. பாக்டீரியா மண்ணுக்குள் எப்படி நகர்கிறது என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறோம்.

சூடோமோனாஸின் நீளம் 1 முதல் 2 மைக்ரான். வாலைச் சுழற்றி நீந்தும். தெளிந்த நீரில் நொடிக்கு 20, 30 மைக்ரான் போகும். ஆனால் நீந்தத் தொடர்ச்சியான நீர் வேண்டும். செம்மண்ணில் தண்ணீர் விட்டு ஒரு நாளுக்குள் பெரிய துளைகளில் இருந்த நீர் இறங்கிவிடும். மண்மணிகளைச் சுற்றி மிஞ்சும் நீர்ப்படலம் பாக்டீரியாவின் உடம்பைவிட மெலிசு. செடிக்கு அந்த ஈரம் போதும், நீந்துகிறவனுக்குப் போதாது. வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டு அங்குலத்துக்கு அப்பால் வேர் இருந்தாலும் பயனில்லை.

அங்கேதான் பூஞ்சை இழை வருகிறது. இழை காற்று நிறைந்த துளையைக் குறுக்கே தாண்டிப் போகும், அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அதையே ஒற்றையடிப் பாதையாகப் பிடித்து பாக்டீரியா நகரும். கண்ணால் பார்க்கலாம்: பெட்ரி தட்டில் அகர் என்ற கூழ் ஊட்டம் ஊற்றி, நடுவில் 1 செ.மீ. அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒரு கரையில் பூஞ்சைத் துண்டு, அதன் பக்கத்தில் ஒரு சொட்டு பாக்டீரியா. இழைகள் வெற்றிடத்தின் மேல் பாலம் போட்டு அக்கரை சேர்ந்த பிறகு, அங்கிருந்து ஒரு கீற்று எடுத்து வளர்த்தால் பாக்டீரியா முளைக்கும். பூஞ்சை வைக்காத தட்டில் முளைக்காது. இழை வழியே பாக்டீரியா நகர்வதை 2005இல் ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். விரிடியும் சூடோமோனாஸும் ஒரே குழியில் இருந்தால்தானே இந்தப் பாதை கிடைக்கும்?

கரிசல்மண்:
அந்த 2005 ஆய்வு எனக்கும் தெரியும். அதுல முக்கியமாப் பார்த்தது ஃபியூசேரியம்ங்கிற பூஞ்சையோட இழை மேல அக்ரோமோபாக்டர்ங்கிற பாக்டீரியா. சூடோமோனாஸும் விரிடியும் அதுல இல்லை. இழையோட மேல்தோல் தண்ணியை ஒட்டவிடுற மாதிரி இருந்தாத்தான் பாதை. தண்ணியைத் தள்ளுற இழை மேல படலம் நிக்காது, பாக்டீரியா அசையாது. எல்லா இழையும் சாலையில்லை.

அப்படியே சாலைன்னு வச்சுக்கிட்டாலும், வாடல் நோயைக் கொண்டு வர்ற ஃபியூசேரியமும் பூஞ்சைதாம்லா? அதோட இழையும் சாலைதான். அது ஃபியூசாரிக் அமிலம் விடும். பூஞ்சையைக் கொல்லச் சூடோமோனாஸ் சுரக்கிற மருந்தை அந்த அமிலம் அடக்கிப்போடும். சாலை இருக்குங்கிறதாலேயே நம்ம ஆளு ஜெயிச்சு வருவான்னு எப்படிச் சொல்ல முடியும்?

கடைசியா, தட்டில ஒரு பக்கம் விரிடி வில்லை 5 மி.மீ., எதிர்ப்பக்கம் சூடோமோனாஸ் கோடு. அஞ்சு நாள்ல நடுவுல தெளிவான வெற்றுப் பட்டை விழும். விரிடி அதைத் தாண்டாது. இதைப் பார்த்த பிறகும் ஒரே குழியில வைக்கச் சொல்லுதீங்களா?

பொதிகைச்சாரல்:
ஃபியூசாரிக் அமிலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு அண்ணாச்சி. தக்காளியைத் தாக்கும் ஃபியூசேரியத்தில் பார்த்திருக்கிறார்கள்: அந்த அமிலத்தின் வாடையைப் பிடித்துக்கொண்டு சூடோமோனாஸ் இழையை நோக்கி நீந்திப் போய் அதன் மேல் குடியேறுகிறது. எதிரி விடுகிற நஞ்சே வழிகாட்டி ஆகிறது. அடக்குவதும் உண்மை, இழுப்பதும் உண்மை.

ஏத்தன்:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். அந்தத் தட்டுச் சோதனையை எந்த ஊட்டத்துல செஞ்சாங்கன்னு கேட்கணும். ஆய்வகத்துல சூடோமோனாஸ் வளர்க்கிற கிங்ஸ் பி ஊட்டத்துல இரும்பு ரொம்பக் குறைவு. இரும்புக்குப் பஞ்சம் வந்தாத்தான் சூடோமோனாஸ் மஞ்சள்பச்சையா ஒளிர்ற பையோவெர்டினைச் சுரந்து, இருக்கிற இரும்பையெல்லாம் வளைச்சுப் போடும். விரிடி பட்டினியில நிக்கும். அந்தப் பட்டையில ஒரு பங்கு மருந்தால வந்தது, ஒரு பங்கு இரும்புப் பஞ்சத்தால வந்தது. ஊட்டத்தில கொஞ்சம் ஃபெரிக் குளோரைடு சேர்த்துத் திரும்பச் செஞ்சா பட்டை எவ்வளவு சுருங்குதுன்னு தெரியும்.

இதையே நிலத்துக்கு வச்சுப் பாருங்க. மானூர், சங்கரன்கோவில் கரிசல்ல கார அமில நிலை (pH) 8க்கு மேல. இரும்பு மண்ணுல கிடந்தாலும் கரையாது, அதனால சண்டை கடுமையா இருக்கும். விரிடிக்கும் கொஞ்சம் புளிப்பான மண்ணுதான் பிடிக்கும். அங்கே அண்ணாச்சி சொல்ற மாதிரி பிரிச்சு வைக்கிறதுக்கு நியாயம் இருக்கு. களக்காட்டுச் செம்மண் அவ்வளவு காரம் ஏறாதது. ரெண்டு மண்ணுக்கும் ஒரே விதி சொல்லக் கூடாது.

தாமிரபரணிப் பாசனத்துல பிசான நெல் அறுத்த வயல்ல வாழை வைக்கிறவங்களுக்கு ஒரு சொல்லு: மாசக்கணக்கா தண்ணி கட்டிக் கிடந்த நஞ்சையில வேர்ப்பூஞ்சாணம் மெலிஞ்சு போயிருக்கும். கன்று வைக்கிறப்பவே வேம் (VAM)்ங்கிற வேர்ப்பூஞ்சாண உரம் 50 கிராம் கிழங்குக்கு நேர் அடியில வேர் தொடுற மாதிரி வையுங்க. உயிருள்ள வேர் இல்லாம அது வளராது, அதனால தொழுவுரக் குவியல்ல பெருக்கப் பார்க்காதீங்க. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டா வேர் அந்தப் பூஞ்சாணத்தை உள்ளே விடாது.

பச்சையாறு:
சரி, இப்ப என் விளையில என்ன செய்யணும்? கார்பன்டாசிம் 15 நாள் முன்னாடி ஊத்தியாச்சு.

கரிசல்மண்:
அதை முதல்லயே சொல்லியிருக்கணும். கார்பன்டாசிம் பூஞ்சைக்கொல்லி, விரிடியையும் சேர்த்துக் கொல்லும். சூடோமோனாஸ் பாக்டீரியா, அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதனால உங்களுக்கு மட்டும் வரிசையை மாத்துங்க: இப்பவே கன்றுக்கு சூடோமோனாஸ் 10 கிராம், அரைக் கிலோ மக்கின தொழுவுரத்தோட. இன்னும் ஒரு மாசம் போகட்டும், அப்புறம் விரிடி.

பொதிகைச்சாரல்:
ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு மாதத்தில் விரிடியைப் பெருக்கிக்கொள்ளலாம். நன்கு மக்கிய தொழுவுரம் 100 கிலோ, விரிடி 1 கிலோ. நிழலில் அரை அடி உயரத்துக்குப் பரப்பி, ஈரச் சாக்கு போட்டு மூடி, 3 நாளுக்கு ஒரு முறை புரட்டி, 15 நாள். கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பச்சைச் சாணமோ பாதி மக்கிய எருவோ வேண்டாம்: உள்ளே சூடேறும், விரிடிக்கு 30 டிகிரிக்குள்தான் சுகம். மேலே வெண்ணூல் படர்ந்து பிறகு பச்சை பூத்தால் எடுக்கலாம். கறுப்போ ஆரஞ்சோ பூத்தால் வேறு பூஞ்சை ஏறிவிட்டது, அந்தப் பகுதியைத் தள்ளிவிடுங்கள்.

வைக்கிற இடம் தண்டிலிருந்து ஒன்றரை அடி, டிரிப்பர் சொட்டும் வட்டத்துக்குள், 4 அங்குல ஆழம். மேலே வாழைச் சருகு மூடாக்கு. சித்திரை வெயிலில் திறந்த செம்மண்ணின் மேற்பரப்பு கொதிக்கும், அங்கே தூவினால் இரண்டும் சாகும். விரிடியோடு மறுபடி 10 கிராம் சூடோமோனாஸையும் அதே குழியில் வையுங்கள் என்பதே என் கருத்து.

கரிசல்மண்:
அந்தக் கடைசி வரியில மட்டும் நான் மாறலை. விரிடி வச்ச குழியில 15 நாள் கழிச்சு சூடோமோனாஸை வச்சாலும் இழை ஏற்கனவே ஓடியிருக்கும். நீங்க சொல்ற பாதையும் கிடைக்கும், முளைக்கிற வித்துக்கு ஆபத்தும் இருக்காது.

பச்சையாறு, 4 வரிசையைப் பிரிச்சுக்குங்க. ரெண்டு வரிசையில ஒரே நாள்ல வையுங்க, ரெண்டுல 15 நாள் இடைவெளி விடுங்க. உரமும் தண்ணியும் ஒண்ணுபோல. அடி இலை ஓரம் மஞ்சளாகி, காம்பு ஒடிஞ்சு பாவாடை மாதிரி தண்டைச் சுத்தித் தொங்குற மரத்தை எண்ணிக் குறிச்சு வையுங்க. வெட்டினா தண்டுக்குள்ள செம்பழுப்புக் கோடு தெரியணும், தெரியலைன்னா அது வேற கோளாறு, கணக்குல சேர்க்காதீங்க. வெட்டின அரிவாளை ஒவ்வொரு மரத்துக்கும் நெருப்புல காட்டுங்க.

பச்சையாறு:
நாளைக்குக் காலையில சூடோமோனாஸ் வச்சிருதேன். வரிசைக்கு 40 மரம் இருக்கு. குலை தள்ளின பிறகு எண்ணிக்கையை இங்கேயே போடுதேன்.