மெர்க்ரூஸர் 5.7 போட் இன்ஜின்ல 50 ஹெச்பி ஏத்தச் சொல்றாங்க, முடியுமா?

சத்துவாச்சாரி_ரீபோர்:
வணக்கம்ணா. நமக்குத் தொழில் லாரி, டிராக்டர் இன்ஜின் ரீபோர். மச்சான் ஒருத்தர் புதுச்சேரியிலருந்து போட் இன்ஜினைக் குட்டியானையில ஏத்தி, ஆரணி வழியா கொண்டாந்து பட்டறையில இறக்கிட்டாரு. மெர்க்ரூஸர் 350 மேக் எம்பிஐ, 2004 மாடல், 5.7 லிட்டர் வி8, 300 ஹெச்பி. ரெண்டு சிலிண்டர்ல கம்ப்ரஷன் கம்மி. ஆள் ஏத்துனா ஃபுல் த்ராட்டில்லயும் 4400 ஆர்பிஎம் தாண்டலன்றாரு.

"பிரிச்சதுதான் பிரிச்சிட்ட, 350 ஹெச்பி ஆக்கிக் குடு"ன்னு ஒரே பிடி. பெரிய கேம் (வால்வைத் திறக்கற தண்டு), ஹெட்ல போர்ட்டிங் (காத்து போற வழியைப் பெருசாக்கறது), இசியூவுக்கு (இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டர்) சிப், இதெல்லாம் யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க. கார்பரேட்டர்னா ஜெட்டை மாத்தி சரி பண்ணிக்குவேன். இன்ஜெக்ஷன்ல இன்னா பண்றதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிப்காட்_லேத்:
போர் எப்படியும் 30 தௌ (0.030 இன்ச்) ஓவர்சைஸ் எடுக்கப் போற. 3.75 இன்ச் ஸ்ட்ரோக் கிராங்க் போட்டா 383 க்யூபிக் இன்ச் ஆயிடும். இதே பிளாக்குக்கு அமெரிக்காவுல எல்லாரும் பண்றதுதான். கேமைப் பெருசாக்காமலே டார்க் ஏறும்.

காட்பாடி_மரைன்:
தம்பி, காசிமேட்டுலயும் ஈசிஆர்லயும் போட் இன்ஜின் பாத்துட்டு ஊரோட வந்தவன் நான். கேமைத் தொடறதுக்கு முன்னாடி அந்த 4400ஐப் பாருப்பா.

இந்த இன்ஜின் ஃபுல் த்ராட்டில்ல 4800லருந்து 5200 வரைக்கும் சுத்தணும்னு கம்பெனி போட்டிருக்கு. அந்த 300 ஹெச்பி அங்கதான் இருக்கு. 4400லயே நின்னுட்டா, உங்க மச்சான் காசு குடுத்து வாங்கின 300ஏ அவர் கைக்கு வரல. கம்ப்ரஷன் போனது ஒரு காரணம். ப்ரொப்பெல்லர் இன்னொண்ணு. பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னால தள்ளற தூரம்) ஒரு இன்ச் குறைச்சா 150, 200 ஆர்பிஎம் ஏறும். நாலு பேருக்குப் போட்ட ப்ரொப்பெல்லரை வெச்சுக்கிட்டு பத்து பேரை ஏத்தினா இன்ஜின் என்ன பண்ணும்?

அடுத்தது பெட்ரோல். இத நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல. உன் இன்ஜின்ல எக்ஸாஸ்ட் பக்கம் ஆக்ஸிஜன் சென்சார் கிடையாது. மேனிஃபோல்ட் வாக்வம், ஆர்பிஎம், காத்தோட சூடு, இத வெச்சு உள்ள எழுதியிருக்கிற கணக்குப்படி இன்ஜெக்டரைத் திறக்கும். எரிஞ்சது சரியா எரிஞ்சுதான்னு அதுக்குத் தெரியாது. மூக்கில்லாத சமையல்காரன் அது. கம்பெனி இ10 (10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வரைக்கும்தான் ஒத்துக்குது, நம்ம பங்க்ல இப்ப இ20. சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும்; இ10க்கு 14.1, இ20க்கு 13.5 கிட்ட. அப்ப அதே காத்துக்கு இ20ஐ அதிகமா ஊத்தணும். இசியூவோ பழைய கணக்கையே ஊத்தும். நீ ஒண்ணுமே மாத்தாம மாட்டினாலும் இன்ஜின் முன்னவிட லீனாதான் (காத்துக்குப் பெட்ரோல் கம்மியா) ஓடும்.

அதுக்கு மேல பெரிய கேம் போட்டா, ஐடில்ல வாக்வம் குறையும். லோடு ஏறிடுச்சுன்னு நெனச்சு இசியூ கம்மி ஆர்பிஎம்ல ரிச்சா (பெட்ரோல் அதிகமா) ஊத்தும். ஆர்பிஎம் ஏறினா காத்து அதிகமா போகும், அங்க லீன் ஆகும். கார்ல கொஞ்ச நேரம் மிதிச்சுட்டு காலை எடுத்துடறோம். போட்டுக்கு இறக்கம்னு ஒண்ணு கிடையாதுப்பா, கரைக்கு வர்ற வரைக்கும் லோடுலயே நிக்கும். அங்க லீன் ஆனா பிஸ்டன் உருகும். நடுக்கடல்ல ஆளோட நிக்கறது விளையாட்டு இல்ல.

கழட்டின ஸ்பார்க் பிளக்கைத் தூக்கிப் போட்றாத. வெயில்ல புடிச்சு, பீங்கான் நுனியை லென்ஸ் வெச்சுப் பாரு. பொடிசா கறுப்புப் புள்ளியோ, மினுக்குன்னு அலுமினியத் துளியோ ஒட்டியிருந்தா ஏற்கெனவே டெட்டனேஷன் (பெட்ரோல் தானா வெடிச்சு எரியறது) ஆகியிருக்கு.

அந்த ரெண்டு சிலிண்டர் எது எதுன்னும், எக்ஸாஸ்ட் வால்வ் எப்படி இருக்குன்னும் எழுது. போட்ல ரைஸர் (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல நிக்கற குழாய்) முடியற இடத்துலயே கூலிங் தண்ணிய எக்ஸாஸ்ட்ல கலந்து விட்டுருவாங்க. ரைஸர் அரிச்சிருந்தாலோ கேஸ்கட் போயிருந்தாலோ உப்புத் தண்ணி வால்வ் வழியா உள்ள வரும். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து ரொம்ப நேரம் திறந்திருக்கற கேம் போட்டாலும் அதேதான்: ஐடில்ல எக்ஸாஸ்ட் பின்னாடி இழுத்து தண்ணிய கொண்டாந்துரும். கார் கேமை இதுல போடக்கூடாதுன்றது இதனாலதான்.

சிப்காட் அண்ணன் சொன்ன 3.75 கிராங்க் நல்ல யோசனை. ஆனா கம்பெனியே இதே பிளாக்ல அந்த ஸ்ட்ரோக் வெச்சு 6.2 லிட்டர் 377 மேக்னு வித்தான். அதுக்கு அவன் போட்ட கணக்கே 320 ஹெச்பிதான். 350ன்னு வாயால சொல்றது சுலபம்.

சத்துவாச்சாரி_ரீபோர்:
அண்ணா, பாத்துட்டேன். 5, 7 ரெண்டும், ஒரே பக்கம் பக்கத்து பக்கத்துல. எக்ஸாஸ்ட் வால்வ் சீட்ல செம்பழுப்பா துரு, வால்வ் தண்டுல உப்பு படிஞ்சிருக்கு. அந்தப் பக்க ரைஸரை ஸ்க்ரூ டிரைவரால தட்டினா பொறை பொறையா உதிருது. ரிங்னு நெனச்சு ஆளுக்கு ஆர்டர் சொல்ல இருந்தேன். டிரைவ் (ப்ரொப்பெல்லரைச் சுத்த வைக்கற கியர் பகுதி) ஆல்ஃபா ஒன். பிளக்ல ஒண்ணும் ஒட்டல. சிப்புக்கு இன்னா சொல்றீங்க?

காட்பாடி_மரைன்:
அப்ப மேனிஃபோல்ட், ரைஸர் ரெண்டு பக்கமும் புதுசு. ஒரு பக்கம் மட்டும் மாத்தாத. கடல் தண்ணியில வார்ப்பிரும்பு அஞ்சாறு வருஷந்தான், இன்னொண்ணும் அதே வயசு. ஹெட் கேஸ்கட் மரைன், கோர் பிளக் (பிளாக்ல தண்ணி வழி மூடி) பித்தளை.

ஆல்ஃபா ஒன்னுன்னா 350 ஹெச்பிய மறந்துரு. அந்த கியருக்கு 300தான் எல்லை. அதுக்கு மேல ஏத்தினா நீ பண்ணின இன்ஜின் நல்லாருக்கும், கீழ கியர் நொறுங்கும். மச்சான் கிட்ட இன்னொரு கணக்கும் சொல்லு: மேல எழும்பி ஓடற போட்ல வேகம் ஹெச்பியோட வர்க்கமூலத்துக்குத் தகுந்த மாதிரிதான் ஏறும். 300ஐ 350 ஆக்கினா 35 நாட் ஓடறது 38 கூட வராது. அதுக்கு கேம், ஹெட், சிப், டிரைவ்னு எவ்ளோ செலவு?

சிப்பை ஊர்ல உக்காந்து எழுத முடியாது. உன் பட்டறையில சின்டெக்ஸ் டேங்க்லருந்து தண்ணி குடுத்து ஓட்டிப் பாக்கலாம், லீக், சத்தம், ஆயில் பிரஷர் தெரியும். லோடு கிடையாது. மேப்பிங் (இசியூ கணக்கைத் திருத்தி எழுதறது) தண்ணியில, ஆள் ஏத்தி, வைட்பேண்ட் சென்சார் (எக்ஸாஸ்ட்ல ஆக்ஸிஜன் அளக்கறது) வெச்சு பண்றது. அந்த சென்சாரையும் எக்ஸாஸ்ட்ல தண்ணி கலக்கறதுக்கு முன்னாடி, காஞ்ச இடத்துல உக்கார வைக்கணும். ஈரம் பட்டா அப்பவே செத்துரும். மேப்பிங் பண்றவர்கிட்ட 50 ஹெச்பி கேக்காத, இ20க்கு சரி பண்ணிக் குடுன்னு கேளு. அளவு ஜாடியில 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணியும் ஊத்திக் குலுக்கி வை. கீழ இருக்கிற தண்ணி 25க்கு மேல ஏறி நின்னா அவர் ஊத்தறது இ20தான்.

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா. ஸ்டார்ட்டரோ ஆல்டர்நேட்டரோ போயிருந்தா நம்ம ஊர் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில கார் பார்ட் வாங்கி மாட்டிராத, ரெண்டும் அப்படியே பொருந்தும். பெட்ரோல் ஆவி போட்டோட அடியில தங்கும், மரைன் பார்ட்ல பொறி வெளிய வராதபடி மூடியிருக்கும். கார்ல இருக்காது.

சத்துவாச்சாரி_ரீபோர்:
ஸ்டார்ட்டரை மாத்தச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாருண்ணா. மரைன்தான்னு சொல்லிட்டேன். ப்ரொப்பெல்லர்ல 21ன்னு பிட்ச் குத்தியிருக்கு, 19 போதுமா?

காட்பாடி_மரைன்:
4400ல 400 ஏறினா 4800. கம்ப்ரஷன் சரியானா இன்னும் கொஞ்சம் ஏறும். 19ஐ இரவல் வாங்கி ஆள் ஏத்தி ஓட்டிப் பாருங்க, 5200ஐ தாண்டலன்னா வாங்குங்க.